பட்டாசு, பேட்டரி, சிலிண்டர் வெடிச்சா கண்ணுக்கும் மூளைக்கும் என்ன ஆகுது: திரும்பத் திரும்ப என்கிட்ட கேக்கற கேள்விகள்

நான் பெங்களூர்ல ஒரு கண் ஆஸ்பத்திரியில ஆப்டோமெட்ரிஸ்டா வேலை பாக்கறேன். டாக்டர் இல்ல, டாக்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் உக்காந்து டெஸ்ட் எடுக்கறவன். அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக் நகர் ஆளுங்க, ஆனேக்கல் பக்கம் கல்குவாரியில வேலை செய்யறவங்க, ஓசூர்லருந்து பஸ் ஏறி வர்றவங்கன்னு கன்னடம் சரியா வராத யார் வந்தாலும் டாக்டர் சொன்னத தமிழ்ல எடுத்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க. அப்படி காரிடார்ல நின்னு பதில் சொல்லிச் சொல்லி, இதே சந்தேகங்கள் வருஷா வருஷம் வருதேன்னு ஒரு நோட்டுல குறிச்சு வெச்சேன். அதுலருந்துதான் இது. கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

1. வெடிச்சா தீக்காயம்தானே ஆகும், கண்ணுக்கு உள்ள எப்படிங்க அடி படும்?

வெடிக்கும்போது ஒரே நேரத்துல நாலு விதமா அடி வருது. முதல்ல காத்தழுத்தம், ஒரு நொடியில ஆயிரத்துல சில பங்கு நேரத்துக்குள்ள ஒரு அழுத்த அலை உடம்பு வழியா பாஞ்சு போயிடும். ரெண்டாவது பறந்து வர்ற துண்டுங்க, கல்லு, கண்ணாடி, தகரம். மூணாவது, ஆளையே தூக்கி அடிச்சு தலை சுவத்துலயோ தரையிலயோ மோதறது. நாலாவதுதான் நீங்க சொல்ற தீ, புகை, ரசாயனம். வெளிய தெரியறது தீக்காயம் மட்டும்ங்கறதால மத்த மூணையும் வீட்ல மறந்துடறாங்க.

கண்ணு ஒரு தண்ணி பந்து மாதிரி. முன்னாடி அமுக்கினா பக்கவாட்டுல விரியும், உள்ள லென்ஸ தாங்கற நூலு அறுந்து போகலாம், பின்னாடி ஒட்டியிருக்கற விழித்திரை கிழியலாம், மேல ஒரு கீறல் கூட இல்லாம. உடம்போட மொத்த மேல்பரப்புல கண்ணு ஆயிரத்துல ஒரு பங்குதான் இருக்கும், ஆனா குண்டுவெடிப்புல உயிர் பிழைச்சவங்கள்ல 10 சதவீதம் பேர் வரைக்கும் கண்ணுல பெரிய அடியோட வர்றாங்க. கையில, முதுகுல பட்டா தழும்போட போயிடற ஒரு மண்ணு அளவு துண்டு, கண்ணுல பட்டா வாழ்க்கையையே மாத்திடுது, அதான் காரணம்.

2. குண்டுவெடிப்பு வேற, நாங்க வெடிக்கறது லட்சுமி வெடி சார், ரெண்டும் ஒண்ணா?

ஒண்ணு இல்ல, வித்தியாசம் இருக்கு. மிலிட்டரி வெடிமருந்து சத்தத்த விட வேகமா ஓடற அதிர்ச்சி அலைய கிளப்பும், பட்டாசு மருந்து வேகமா எரியுதே தவிர அந்த அளவு அலைய கிளப்பாது. அதனால பட்டாசுல மூளைக்குள்ள அலை புகுந்து அடிக்கறது அபூர்வம். ஆனா கண்ணுக்கு அந்த அலை தேவையே இல்ல, அணுகுண்டு வெடியில சுத்தியிருக்கற சணலும் காகிதமும் கிட்டத்துல கல்லு மாதிரி வந்து அடிக்கும், பாட்டில்ல சொருகின ராக்கெட் சாஞ்சா நேரா முகத்துக்கு வரும், குழந்தை கையில குடுக்கற கம்பி மத்தாப்பு முனையில 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடு.

நான் பாத்ததுல ரொம்ப வருத்தமானது ரெண்டு வகை. ஒண்ணு, புஸ்ஸுன்னு அணைஞ்சு போன வெடிய குனிஞ்சு பாக்கப் போறது. இன்னொண்ணு, எதையுமே தொடாம ஓரமா நின்னு வேடிக்கை பாத்த பிள்ளைங்க. தீபாவளி ராத்திரி சாமராஜ்பேட்டை மின்டோ ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னு பாருங்க, வெடிச்சவங்க அளவுக்கு வேடிக்கை பாத்தவங்களும் இருப்பாங்க.

பட்டாச தாண்டி தினப்படி வெடிக்கறதும் இருக்கு: கரண்ட் போனா ஓடற இன்வெர்ட்டர் பேட்டரி, குக்கர், லாரி டயர், கேஸ் கசிஞ்ச சமையல்கட்டு, குவாரியில வெக்கற வெடி. இதுல பேட்டரி தனி ரகம், சார்ஜ் ஆகறப்ப ஹைட்ரஜன் கிளம்பும், ஒரு பொறி பட்டா வெடிக்கும், வெடிச்சா சல்ஃப்யூரிக் ஆசிட் நேரா கண்ணுல.

3. எம் பையன் கண்ணுல பட்டுடுச்சு, உடனே என்ன பண்றது?

முதல் வேலை, யாரும் அந்த கண்ண கசக்க விடாதீங்க, அமுக்க விடாதீங்க, தெறந்து பாக்கறேன்னு இமைய பிரிச்சு இழுக்காதீங்க. கண்ணு உள்ள கிழிஞ்சிருந்தா நீங்க அமுக்கற அந்த ஒரு அமுக்குல உள்ள இருக்கறது வெளிய வந்துடும். ஒரு பேப்பர் கப்போட அடிப்பாகத்த வெட்டி, எலும்பு மேல உக்கார்ற மாதிரி கவுத்து, டேப் போட்டு ஒட்டுங்க, கப்பு கண்ணத் தொடவே கூடாது. பஞ்சு வெச்சு இறுக்கி கட்டறது தப்பு. குத்தி நிக்கறத பிடுங்காதீங்க. சாப்பிடவோ குடிக்கவோ குடுக்காதீங்க, அன்னைக்கே மயக்கம் குடுத்து ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம், ரத்தக்கசிவ அதிகமாக்கலாம். 108க்கு அடிங்க, இல்ல ஆட்டோ பிடிச்சு கிளம்புங்க.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் இது மாறும்: ஆசிட், சுண்ணாம்பு, சிமெண்ட், ரசாயனப் பொடி. அப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடறதுக்கு முன்னாடி தண்ணி. சுத்தமான குழா தண்ணிய மெதுவா, குறைஞ்சது 15 நிமிஷம், முடிஞ்சா அரை மணி நேரம் விட்டுக்கிட்டே இருங்க. கண்ணு கிழிஞ்சு எதாவது வெளிய தள்ளியிருக்கற மாதிரி தெரிஞ்சா தண்ணிய பீச்சி அடிக்காதீங்க, கப்ப ஒட்டிட்டு கிளம்புங்க.

4. பக்கத்துவீட்டு பாட்டி தாய்ப்பால் விடச் சொல்றாங்க, விளக்கெண்ணெய் விட்டா சூடு தணியும்ங்கறாங்க...

பாட்டி அக்கறையிலதான் சொல்றாங்க, ஆனா வேண்டாங்க. கிழிஞ்ச கண்ணுக்குள்ள எது போனாலும் அதோட கிருமியும் போகும். மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற சொட்டு மருந்தும் அப்படித்தான், அதுல ஸ்டீராய்டு இருந்து கண்ணுல புண்ணும் இருந்தா நிலைமை இன்னும் மோசமாகும்.

5. கண்ணு லேசா செவந்திருக்கு, நல்லாத்தான் தெரியுது. இப்ப ராத்திரி 11 மணி, காலைல போனா ஆகாதா?

இப்பவே போங்க. ஓட்டை விழுந்த கண்ண 24 மணி நேரத்துக்குள்ள தைக்கணும், தள்ளிப் போகப் போக உள்ள கிருமி பரவற ஆபத்து ஏறிக்கிட்டே போகும். ரொம்ப சின்ன ஓட்டையா இருந்தா ஆரம்பத்துல பார்வை நல்லாவே இருக்கும், அதுதான் ஆளுங்கள ஏமாத்துது.

அதுலயும் கண்ணு கல்லு மாதிரி இறுகி, முன்னாடி தள்ளிக்கிட்டு, பார்வை மங்கிக்கிட்டே போகுதுன்னா ஒரு நிமிஷம் கூட வெயிட் பண்ணாதீங்க. கண்ணுக்கு பின்னாடி ரத்தம் சேர்ந்து நரம்ப நெரிக்குதுன்னு அர்த்தம். ரத்த ஓட்டம் இல்லாம விழித்திரை தாங்கறது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். இமை ஓரத்துல ஒரு சின்ன வெட்டு போட்டு அழுத்தத்த எறக்கிடுவாங்க, அஞ்சு நிமிஷ வேலை, ஆனா நேரத்துக்கு போய் சேரணும்.

6. போலீஸ் கேஸ் ஆகுமேன்னு எங்க முதலாளி ஆஸ்பத்திரி வேண்டாம்ங்கறார்

வெடி காயம்னா ஆஸ்பத்திரியில எம்எல்சி, அதாவது போலீசுக்கு தெரிவிக்க வேண்டிய கேஸ்னு ஒரு பதிவு போட்டு போலீசுக்கு தகவல் சொல்லுவாங்க, அது வழக்கமான நடைமுறை. அதுக்காக வைத்தியத்த நிறுத்த முடியாது, முதல்ல உயிரக் காப்பாத்து, காகிதம் அப்புறம்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே சொல்லிடுச்சு. அந்த காகிதம்தான் பின்னாடி நஷ்டஈடு கேக்கறப்ப உங்க கையில இருக்கற ஒரே ஆதாரம்.

இதச் சொல்லும்போது எனக்கு 2023 அக்டோபர் அத்திப்பள்ளி பட்டாசுக் கடை தீ விபத்துதான் ஞாபகம் வருது. செத்தவங்கள்ல நிறைய பேர் சீசன் வேலைக்குன்னு தமிழ்நாட்டுலருந்து வந்த சின்னப் பசங்க. நாள் சம்பளத்துக்கு வர்ற பிள்ளைங்களுக்கு அடிபட்டா எங்க போறது, என்ன கேக்கறதுன்னு சொல்ல யாருமே பக்கத்துல இருக்கறதில்ல. நீங்க கூட இருக்கீங்கன்னா கூட்டிட்டு போங்க.

7. கண்ணுக்குள்ள ரத்தம் தேங்கியிருக்காம், மாத்திரை குடுத்து படுத்திருன்னு அனுப்பிட்டாங்க. இது வைத்தியமா?

ஆமாங்க, இதுதான் வைத்தியம். கருவிழிக்கு, அதாவது கண்ணு முன்னாடி இருக்கற தெளிவான சவ்வுக்கு பின்னாடி இருக்கற இடத்துல ரத்தம் இறங்கி நிக்கும், கண்ணாடியில பாத்தாலே கீழ ஒரு சிவப்பு கோடு தெரியும். தலைய ஒசத்தி வெச்சு படுக்கணும், குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. முதல் அஞ்சு நாளுக்குள்ள மறுபடி ரத்தம் கசியலாம், ரெண்டாவது கசிவு முதல் கசிவ விட மோசமா இருக்கும், அதனாலதான் அடிக்கடி வந்து கண்ணோட பிரஷர் (கண்ணுக்குள்ள இருக்கற அழுத்தம்) காட்டச் சொல்றாங்க.

ரத்தம் கரைஞ்சு கண்ணு தெளிவானதும் எல்லாரும் காணாம போயிடறாங்க, அதுதான் எனக்கு வருத்தம். அந்த அடியில கண்ணுக்குள்ள இருக்கற நீர் வடியற மூலை கிழிஞ்சிருந்தா 5 வருஷம், 10 வருஷம், இன்னும் கூட கழிச்சு க்ளாக்கோமா, அதாவது பிரஷர் ஏறி பார்வை நரம்பு கெடற நோய் வரலாம், வலியே இல்லாம. பத்து வயசுல தீபாவளிக்கு அடிபட்டத மறந்தே போயி, இருபத்தெட்டு வயசுல கண்ணாடி மாத்த வந்து, நான் பிரஷர் பாத்துட்டு "சின்ன வயசுல இந்த கண்ணுல அடிபட்டுச்சா தம்பி"ன்னு கேட்டப்ப முகம் வெளிறிப் போன ஒருத்தர எனக்கு தெரியும். ஒரு பக்க பார்வைய பாதிக்கு மேல இழந்திருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் பாக்கணும், ஆயுசு முழுக்க.

8. உள்ள ஒரு துணுக்கு இருக்குன்னு சொல்றாங்க, வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்படியே விட்டுட்டா?

என்ன துணுக்குங்கறதப் பொறுத்தது. கண்ணாடி, சில பிளாஸ்டிக் துண்டுங்க சும்மா கிடக்கும், டாக்டரே சில நேரம் விட்டுடுவார். இரும்புன்னா மெதுவா துருப்பிடிச்சு கரைஞ்சு விழித்திரைய விஷமாக்கிடும், செம்பு இன்னும் வேகமா சீழ் கட்ட வெக்கும். குவாரியில, லேத்துல வேலை செய்யறவங்க "பட்டுச்சு, தொடச்சுட்டேன், சரியாப் போச்சு"ன்னு மாசக்கணக்கா விட்டுட்டு வருவாங்க, அதுக்குள்ள கண்ணோட நிறமே பழுப்பா மாறியிருக்கும்.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம்: கண்ணுக்குள்ள உலோகம் இருக்கலாம்னு சந்தேகம் இருந்தா எம்ஆர்ஐ எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லியே ஆகணும். அந்த காந்தம் துண்ட இழுத்து நகர்த்தி உள்ளயே கிழிச்சிடும். முதல்ல சிடி ஸ்கேன் எடுத்து உலோகம் இல்லன்னு உறுதி பண்ணணும். பழைய அடிக்கும் இது பொருந்தும், முட்டி வலிக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் "முன்ன ஒரு தடவை கண்ணுல இரும்பு பட்டுது"ன்னு வாயத் தெறந்து சொல்லுங்க.

9. வெடி நடந்தது தெருமுனையில, வீட்டுக்குள்ள இருந்த எங்க அக்காவுக்கு எப்படி கண்ணு போச்சு?

சன்னல் கண்ணாடி. வெடி விபத்துல கண்ணு போன கதைய எடுத்துப் பாத்தா பெரும்பாலும் கண்ணாடியில வந்து நிக்கும். 1917 டிசம்பர் 6ம் தேதி கனடாவுல ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துல வெடிமருந்து ஏத்தின ஒரு கப்பல் தீப்பிடிச்சு எரிஞ்சுது, ஊரே சன்னல்ல நின்னு வேடிக்கை பாத்துச்சு, அப்பதான் வெடிச்சது. 1,700 பேருக்கு மேல செத்தாங்க, கண்ணாடி குத்தி கண்ணையே எடுக்க வேண்டி வந்தவங்க மட்டும் நூத்துக்கணக்குல. 2020 ஆகஸ்ட் 4ம் தேதி பெய்ரூட்ல 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடிச்சப்பவும் அதே கதைதான், முதல்ல புகை வந்துச்சு, ஜனங்க சன்னல்லயும் பால்கனியிலயும் நின்னு போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நூறு வருஷம் கழிச்சும் மனுஷன் சன்னலுக்குத்தான் ஓடறான்.

வெளிச்சம் உடனே வந்துடும், அழுத்தம் சத்தத்தோட சேர்ந்து பின்னாடி வரும், ஒரு கிலோமீட்டருக்கு சுமார் மூணு செகண்டு. 2013ல ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் மேல விண்கல் வெடிச்சப்ப பெரிய வெளிச்சத்த பாத்துட்டு ஒரு டீச்சர் 44 பிள்ளைங்களையும் டெஸ்க்குக்கு கீழ போகச் சொன்னாங்க, பிள்ளைங்க ஒருத்தருக்கும் காயம் இல்ல, நின்னுக்கிட்டிருந்த டீச்சருக்குத்தான் கண்ணாடி வெட்டுச்சு. வானத்துல, தெருவுல எதிர்பாராத பெரிய வெளிச்சம் தெரிஞ்சா சன்னலுக்கு முதுக காட்டி கீழ படுங்க, முகத்த கையால மூடுங்க. பிள்ளைங்களுக்கும் இத சொல்லிக் குடுங்க.

10. கண்ணுல ஒண்ணுமே இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார், ஆனா தெரியலங்கறான். வேலைக்கு போக சோம்பேறித்தனமா நடிக்கறானோ?

தயவு செஞ்சு அப்படி முடிவு கட்டாதீங்க. இந்த கேள்விக்காகவே இதையெல்லாம் எழுதணும்னு தோணுச்சு. கண்ணு ஒரு கேமரான்னா அதுக்கு பின்னாடி ஒயரும் இருக்கு, டிவியும் இருக்கு. விழித்திரை கருவுல மூளையிலருந்தே முளைச்சு வந்த பாகம், அதுலருந்து பத்து லட்சத்துக்கும் மேல இழைங்க ஒரு நரம்பா சேர்ந்து எலும்புல ஒரு குறுகலான ஓட்டை வழியா மூளைக்கு போகுது. புருவத்துல பலமா அடிபட்டா அந்த அதிர்ச்சி அந்த ஓட்டை வரைக்கும் போய் நரம்ப நசுக்கும். அன்னைக்கு கண்ணுக்குள்ள டார்ச் அடிச்சு பாத்தா எல்லாம் ரோஸ் கலர்ல நல்லாவே இருக்கும், நரம்பு வெளுக்கறதுக்கு சில வாரம் ஆகும். அதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு, டார்ச்ச ரெண்டு கண்ணுக்கும் மாத்தி மாத்தி காட்டறது. அடிபட்ட கண்ணுக்கு வெளிச்சம் வர்றப்ப பாப்பா (கண்ணு நடுவுல இருக்கற கறுப்பு வட்டம்) சுருங்காம விரியும். நடிச்சு அத வரவழைக்க யாராலயும் முடியாது.

அடுத்தது டிவி, அதாவது மூளையோட பின்பக்கம். தூக்கி எறியப்பட்டு பின்மண்டை மோதினவங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கத்து பாதி போயிடலாம். அவங்க "இடது கண்ணு தெரியல"ன்னுதான் சொல்லுவாங்க, அவங்களுக்கே அப்படித்தான் தோணும். வலது கண்ண மட்டும் தெறந்து பாக்கச் சொல்லுங்க, அப்பவும் இடது பக்கம் தெரியலன்னா பிரச்சனை கண்ணுல இல்ல. வீட்ல கவனிச்சா தெரியும்: ஒரு பக்க கதவு நிலையில மட்டும் இடிச்சுக்குவாங்க, வரியோட ஆரம்பத்த விட்டுட்டு நடுவுலருந்து படிப்பாங்க, இலையில ஒரு பக்கத்துல வெச்ச பொரியல் அப்படியே இருக்கும். ஃபீல்டு டெஸ்ட் கேளுங்க, நேரா பாக்கறப்ப சுத்தி எது வரைக்கும் தெரியுதுன்னு பாக்கற டெஸ்ட் அது. அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வண்டி ஓட்ட விடாதீங்க.

11. தலை ஸ்கேன் நார்மல்னு வந்துச்சு. ஆனா மூணு வாரமா தலைவலி, வெளிச்சம் கூசுது, போன் பாத்தா அஞ்சு நிமிஷத்துல கண்ணு வலிக்குது

சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் பாக்கறதுக்கு. மூளைக்குள்ள இருக்கற மெல்லிசான இழைங்க இழுபட்டு பிசகியிருந்தா அதுல தெரியாது. காதுல சவ்வு கிழியலையே, அப்ப மூளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுன்னும் சிலர் நம்பறாங்க, அதுவும் சரி இல்ல. ஸ்கேன் நார்மல்னா உடனே ஆபரேஷன் வேண்டாம்னு மட்டும்தான் அர்த்தம்.

பார்வை 6/6 இருக்கும், ஆனா ரெண்டு கண்ணையும் கிட்ட சேர்த்து பிடிக்கற வேலை தளர்ந்து போயிருக்கும், அதான் போன் பாத்தா வலி, எழுத்து மிதக்கற மாதிரி இருக்கும். இத சாதாரண கண் பரிசோதனையில தேட மாட்டாங்க, "கிட்ட பாக்கறப்ப கண்ணு சேருதா, பாருங்க"ன்னு நீங்களே கேட்டு வாங்கணும். பயிற்சி குடுத்தா நிறைய பேருக்கு சரியாகுது. முதல் ஒண்ணு ரெண்டு நாள் நல்ல ரெஸ்ட், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பழைய வேலைக்கு திரும்பணும், வாரக்கணக்கா இருட்டு ரூம்ல படுத்துக் கிடக்கறது உதவாது. வீட்டுக்குள்ள நாள் முழுக்க கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டா கூச்சம் இன்னும் கூடும். பெரும்பாலானவங்களுக்கு மூணு மாசத்துக்குள்ள குறைஞ்சிடும், குறையலன்னா நியூரோ டாக்டர பாக்கணும்.

இதெல்லாம் வேற, ஆபத்து அறிகுறி வேற: தலைவலி ஏறிக்கிட்டே போறது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினா எழாத தூக்கம், குழறல், ஒரு கை கால் மட்டும் சோர்ந்து போறது. இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே போங்க, பெங்களூர்ல மூளை நரம்பு வைத்தியம் பாக்கற அரசு ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ், அங்க எமர்ஜென்சி 24 மணி நேரமும் தெறந்திருக்கும்.

12. ஒரு பாப்பா மட்டும் பெருசா இருக்கே, மூளையில ரத்தக்கசிவா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கண்ணுலயே நேரா அடிபட்டு பாப்பாவ சுருக்கற தசை கிழிஞ்சாலும் அப்படித்தான் நிக்கும், ஆள் தெளிவா பேசிக்கிட்டு இருப்பார். மூளை வீங்கி மூணாவது நரம்ப அமுக்கினாலும் பெருசாகும், அப்ப கூடவே மயக்கம், இமை தொங்கறது, மேல சொன்ன அறிகுறிங்க வரும். வீட்ல உக்காந்து பிரிச்சுச் சொல்ல முடியாது, மூளைன்னே நெனச்சு ஓடுங்க. பாப்பாவ விரிக்கற சொட்டு மருந்து ஏற்கனவே போட்டிருந்தா அடுத்த ஆஸ்பத்திரியில மறக்காம சொல்லுங்க, இல்லன்னா அவங்க குழம்பிப் போவாங்க.

13. நேரா பாத்தா சரியா இருக்கு, படி இறங்கறப்ப மட்டும் ஒரு படி ரெண்டு படியா தெரியுது. வயசானதாலயா?

தலையில அடிபட்டிருந்தா வயசுமேல பழி போடாதீங்க. மூளையிலருந்து வர்ற 12 ஜோடி நரம்புல ஆறு ஏதோ ஒரு விதத்துல கண்ணுக்கு வேலை செய்யுது. அதுல நாலாவது நரம்பு ரொம்ப மெல்லிசு, மண்டைக்குள்ள ரொம்ப தூரம் சுத்தி வருது, அதனால தலை குலுங்கினா முதல்ல அடிபடறதுல அதுவும் ஒண்ணு. கீழ பாக்கறப்ப, அதாவது படி இறங்கறப்ப, படிக்கறப்ப, பொருள் மேலயும் கீழயுமா ரெண்டா தெரியும். அத சமாளிக்க தலைய ஒரு பக்கமா சாய்ச்சே வெச்சிருப்பாங்க, வீட்ல "கழுத்து சுளுக்கு"ன்னு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருப்பாங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டா தெரிஞ்சா அது பெரும்பாலும் ஆறாவது நரம்பு.

நல்ல சேதி, நிறைய பேருக்கு ஆறு மாசத்துக்குள்ள தானாவே தெளியும். அது வரைக்கும் ஒரு கண்ண மறைச்சோ, கண்ணாடியில பிரிசம் (ரெண்டா தெரியற படத்த ஒண்ணா சேர்க்கற வில்லை) ஒட்டியோ ஓட்டலாம். தெளியலன்னா ஆபரேஷன் இருக்கு.

14. எங்க தாத்தா அல்சூர் எம்இஜியில இருந்தவர், 1971 சண்டையில பக்கத்துல கண்ணிவெடி வெடிச்சுதாம், காயமே இல்ல, ஆனா அதுக்கப்புறம் மனுஷன் மாறிட்டார்னு பாட்டி சொல்லும். அது மூளை அடியா, மன பயமா?

நூறு வருஷமா டாக்டர்களே சண்டை போட்டுக்கிட்டிருக்கற கேள்வி இது. 1915ல சார்லஸ் மயர்ஸ்ங்கற டாக்டர் "ஷெல் ஷாக்"ங்கற வார்த்தைய மருத்துவ பத்திரிகையில முதல்ல எழுதினப்ப, அவர் விவரிச்ச மூணு சிப்பாய்ங்களுக்கும் ஞாபகம், பார்வை, மணம், ருசி பாதிச்சிருந்துச்சு. பார்வை அன்னைக்கே அந்த கதையில இருக்கு. அப்புறம் பயந்தவன், கோழைன்னு பேரு கட்டி ஒதுக்கினாங்க. 2016ல அமெரிக்காவுல டேனியல் பெர்ல் குழு, குண்டுவெடிப்புல சிக்கின ராணுவத்தினரோட மூளைய அவங்க இறந்த பிறகு மைக்ரோஸ்கோப்ல பாத்து, மூளைக்குள்ள திசுவும் திரவமும் சந்திக்கற எல்லைங்கள்ல தழும்பு இருக்கறத கண்டாங்க. எந்த ஸ்கேன்லயும் தெரியாத தழும்பு.

உங்க தாத்தாவுக்கு எது நடந்துச்சுன்னு இப்ப சொல்ல முடியாதுங்க, பெரும்பாலும் ரெண்டும் சேர்ந்தேதான் இருக்கும். ஆனா கண்ணிவெடி எடுக்கறதும் பாலம் போடறதும்தான் மெட்ராஸ் சாப்பர்ஸோட, அதாவது உங்க தாத்தா இருந்த எம்இஜி (மெட்ராஸ் என்ஜினியர் குரூப்) படையோட தொழிலே, முள்வேலிய தகர்க்கற பெங்களூர் டார்பிடோவையே 1912ல இங்க இந்த படையிலதான் ஒரு கேப்டன் கண்டுபிடிச்சார், காலம் பூரா வெடி பக்கத்துலயே நின்னவங்க. பாட்டி சொன்னது உண்மைன்னு எடுத்துக்குங்க.

15. நரம்புக்கு ஊசி போட்டா பார்வை வரும்னு ஒருத்தர் லட்சக்கணக்குல கேக்கறார். இல்லன்னா கண்ணயே மாத்தி வெக்கலாமா?

நசுங்கின பார்வை நரம்புக்கு உறுதியா பலன் தர்ற ஊசி இன்னைக்கு வரைக்கும் இல்ல. முன்னாடி ஸ்டீராய்டு அதிக டோஸ்ல குடுத்தாங்க, ஆனா 2004ல வெளிவந்த க்ராஷ் ஆய்வுல தலையில அடிபட்ட 10,000 பேர்ல பாத்தப்ப ஸ்டீராய்டு குடுத்தவங்கதான் அதிகமா செத்தாங்க. சில பேருக்கு எதுவும் பண்ணாமலே கொஞ்சம் பார்வை திரும்பும், அந்த புண்ணியத்த ஊசி போட்டவர் எடுத்துக்குவார். உங்க நிலத்த வித்து குடுக்காதீங்க.

கண் தானத்துல மாத்தறது முன்னாடி இருக்கற கருவிழி மட்டும்தான், அது தழும்பானவங்களுக்கு உண்மையிலயே பலன் குடுக்கும். முழுக் கண்ண 2023ல நியூயார்க்ல முதல் தடவையா ஒருத்தருக்கு வெச்சாங்க, ரத்த ஓட்டம் நல்லா இருந்துச்சு, பார்வை வரல. 10வது பதில்ல சொன்ன ஒயர் அறுந்தா ஒட்ட இன்னும் வழி தெரியலங்கறதுதான் காரணம்.

16. அடிபட்டது ஒரு கண்ணு, எடுத்துடலாம்ங்கறாங்க, இல்லன்னா நல்ல கண்ணும் போயிடுமாம். பயமுறுத்தறாங்களா?

பயமுறுத்தல, அபூர்வம்தான் ஆனா நிஜம். கிழிஞ்ச கண்ணோட உள் திசுவ உடம்பு முதல் தடவையா பாத்து எதிரின்னு நெனச்சு, நல்ல கண்ணயும் சேர்த்து தாக்க ஆரம்பிக்கும். சில வாரத்துல வரலாம், வருஷக்கணக்கு கழிச்சும் வரலாம், முதல் ஒரு வருஷத்துலதான் அதிகம். மூணு வயசுல அப்பாவோட தோல் பட்டறையில ஊசி குத்தி ஒரு கண்ணு போய், பின்னாடி இன்னொரு கண்ணும் போன லூயி பிரெய்ல், பார்வை இல்லாதவங்க தொட்டுப் படிக்கற எழுத்த உருவாக்கினவர், அவருக்கும் இதுவேதான் நடந்திருக்கும்னு பரவலா நம்பறாங்க. இன்னைக்கு மருந்து இருக்கு, சீக்கிரம் வந்தா கட்டுப்படுத்தலாம், அதனால கண்ண எடுக்கற முடிவ அவசரப்பட்டும் எடுக்க மாட்டாங்க. தைக்க முடியாத அளவு சிதைஞ்சு, வெளிச்சம் கூட தெரியாத கண்ணுக்குத்தான் எடுக்கச் சொல்றாங்க. நல்ல கண்ணுல கூச்சம், செவப்பு, மங்கல் எது வந்தாலும் அன்னைக்கே வாங்க.

17. ரெண்டு கண்ணும் போன எங்க அப்பா, ரூம்ல ஆளுங்க நிக்கறாங்க, பூ போட்ட பாவாடை கட்டின பிள்ளைங்க வருதுங்கறார். மந்திரிக்கணும்னு சொல்றாங்க

பேயும் இல்ல, பைத்தியமும் இல்லங்க. கண்ணுலருந்து படம் வராம போனதும் மூளை தானாவே படம் போட்டுக்குது. 1760ல சார்லஸ் போனேங்கறவர் தன்னோட தாத்தாவுக்கு நடந்தத வெச்சு இத எழுதினார், அவர் பேர்லயே அழைக்கறாங்க. படம் மட்டும்தான் வரும், குரல் வராது, அது நிஜம் இல்லன்னு கொஞ்ச நேரத்துல அவங்களுக்கே புரியும். நிறைய பேர் பைத்தியம்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்து வாயே தெறக்க மாட்டாங்க. உங்க அப்பா உங்ககிட்ட சொன்னாரே, அதுவே பெருசு. கண்ண இங்கயும் அங்கயும் வேகமா ஓட்டினா, லைட்ட போட்டா, மறைஞ்சிடும். குரலும் கேக்குதுன்னா, பயந்து மிரள்றார்னா அது வேற, டாக்டர்கிட்ட காட்டுங்க.

18. ஒத்தக் கண்ணோட என் பிள்ளை எப்படி பொழைப்பான் சார்?

பொழைப்பான்மா. 1961ல கார் விபத்துல கண்ணாடித் துண்டு குத்தி வலது கண் பார்வைய இழந்த பட்டோடி, அடுத்த வருஷமே 21 வயசுல இந்திய கிரிக்கெட் டீம் கேப்டன். தூரம் கணிக்கறது மட்டும் ஆரம்பத்துல தடுமாறும், டம்ளர்ல தண்ணி ஊத்தறப்ப வெளிய போகும், சில மாசத்துல மூளை வேற வழி கத்துக்கும். மிச்சம் இருக்கற கண்ணுக்கு பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்க, பவர் இல்லன்னாலும். சாதா கண்ணாடி லென்ஸ் வேண்டாம், உடைஞ்சா அதுவே குத்தும்.

ஊனச் சான்றிதழ் பத்தியும் கேப்பாங்க: ஒரு கண்ணு முழுசா போயி இன்னொண்ணு நல்லா இருந்தா 30 சதவீதம்னுதான் போடுவாங்க, பெரும்பாலான சலுகைங்களுக்கு 40 வேணும்.

19. அடிபட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, கண்ணு சரியாயிடுச்சு. ஆனா தீபாவளி வந்தா எங்க வீட்டுக்காரர் பாத்ரூம்ல போய் கதவ சாத்திக்கறார்

காயம் ஆறினதும் வெடிச்ச சத்தம் ஆறிடாது. உடம்பு அந்த சத்தத்த ஆபத்துன்னு பதிய வெச்சிருக்கு, ஒவ்வொரு வெடிக்கும் முதல் தடவை மாதிரியே துடிக்குது. கிண்டல் பண்றவங்கள வீட்டுக்குள்ள விடாதீங்க. நம்ம ஊர் சட்டப்படியே ஒரு வெடி 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபல் வரைக்கும் சத்தம் போடலாம், நல்ல மனுஷனுக்கே நெஞ்சு அதிரும் அளவு அது.

டெலி மானஸ்னு ஒரு இலவச நம்பர் இருக்கு, 14416, எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம். முதல் கால நீங்களே பண்ணிட்டு அப்புறம் அவர்கிட்ட குடுங்க. தீபாவளி அன்னைக்கு முடிஞ்சா சத்தம் கம்மியான சொந்தக்காரங்க வீட்டுக்கு கூட்டிட்டு போயிடுங்க. அப்படியே அந்த வாரத்துலயே பிரஷர் செக்கப்பையும் வெச்சுக்குங்க, 7வது பதில்ல சொன்ன காரணத்துக்கு. எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒரு அம்மா வீட்டுக்காரர வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் கூட்டிட்டு வர்றாங்க, ஞாபகம் வெச்சுக்க அதுதான் சுலபமா இருக்குன்னு.